பச்சைப் படகில் ஒரு பனிக்காலம்

ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பட்டியலும் கையெழுத்தும்தான். அதனால் இதில் எழுத்துப் பிழை இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வந்திருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பது நினைவில் இருக்கிறது, எந்த வருடம் என்பது இல்லை. சுனாமி வந்துபோய் இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகியிருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரியை ஒட்டி இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு யார் யாரோ வந்து வெள்ளை வெள்ளையாக ஃபைபர் படகு கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்களுடையது பழைய மரப்படகு. பச்சைப் பெயிண்ட் அடித்தது. இன்ஜின் கிடையாது, பாய்தான். யூரியாப் பைகளைப் பிரித்து வெட்டி, நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து தைத்த பாய். காற்று நிறைந்து அது விரியும்போது பையில் அச்சடித்த எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரியும்.

படகுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சுக்கான் பிடிக்க, ஒருவர் பாய்க்கயிறு பிடிக்க. கயிறு பிடித்தது அவருடைய அண்ணன் மகன். அந்த வருடம் ஐப்பசியில் அவனுக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. கம்பெனி வேன் கவரைப்பேட்டை வரைக்கும் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவனுக்கும் பெண்டாட்டி, பிள்ளை இருக்கிறது. யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் மார்கழி வந்தது. மார்கழி, தை இரண்டு மாதமும் ஏரியின் வடக்குப் பக்கம் போய் நண்டு பிடிப்பது அவர் வழக்கம். படகிலேயே சமைத்து, படகிலேயே படுத்து, மாசியில்தான் திரும்புவார். அந்த வருடம் ஆள் இல்லாமல் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏமே, நீ வர்றியா?"

"நானா?"

"வேற யாரு கீறா இந்த ஊட்டுல?"

எங்களுக்கு ஒரே மகள். அவளை மீஞ்சூரில் கொடுத்துவிட்டோம். வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது உண்மைதான்.

"நான் வந்து இன்னா பண்ணுவேன்?"

"கயித்தப் புடின்னா புடி. உடுன்னா உடு. பேசறதுக்குத்தான் உன்னால ஆவாது. இதுக்கு வாய் வேணாம்."

அவர் சொன்னது சரி. நான் நாலு பேர் நடுவில் பேசியதே இல்லை. மீன் விற்கும் இடத்தில்கூட என் கூடையை என் ஓரகத்தியிடம் தள்ளிவிட்டு அவள் பின்னால் நின்றுகொள்வேன். அவள்தான் கூவி விற்றுக் கொடுப்பாள். நாங்கள் கிளம்பிய அன்று அவள் கரைக்கு வந்து, "இன்னாடி, இத்தினி வயசுக்கு மேல தேனிலவா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படகில் ஏறினேன்.

மண் நிரப்பிய பெட்டியில் அடுப்பு, ஒரு அரிசி மூட்டை, பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர், புளி, உப்பு, கருவாடு, ஒரு தார்ப்பாய், ஒரு அலுமினியக் குடம். இவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

வடக்கே போவது சுலபம் இல்லை. பனிக்காலத்தில் வாடைக்காற்று வடக்கிலிருந்து எதிரே வரும். விடிந்ததிலிருந்து பத்து மணி வரை கரைப்பக்கமிருந்து மெல்லிய காற்று வீசும். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் போக வேண்டும். அது நின்றதும் மூங்கில் கோலை ஊன்றித் தள்ள வேண்டும். ஏரி பெரும்பாலும் இடுப்பளவுதான். முதல் நாள் பாய்க்கயிற்றை உயிரே போகிற மாதிரி இறுக்கிப் பிடித்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. அவர் பார்த்துவிட்டு, "அத்த சண்டைக்கு இஸ்க்காதமே. காத்துக்குக் கொஞ்சம் குடு, அதுவும் உனக்குக் கொஞ்சம் குடுக்கும்" என்றார். நாலைந்து நாளில் எனக்கே கை பழகியது. கண்ணை மூடிக்கொண்டாலும் கயிறு சொல்லும், காற்று எங்கே இருக்கிறது என்று.

காலையில் பனி இறங்கினால் பாய்மரத்தின் தலை தெரியாது. கரையும் தெரியாது. அப்போது ஹைவேயில் போகும் லாரிச் சத்தத்தைக் கேட்போம். சத்தம் இடது கைப்பக்கம் கேட்டால் வடக்கே போகிறோம். நேராகக் கேட்டால் கரைக்குத் திரும்பிவிட்டோம். இதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே கண்டுபிடித்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த "ம்" எனக்குப் பொங்கல் வரைக்கும் போதுமானதாக இருந்தது.

சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம், அப்புறம் இரக்கம் தீவு, அதற்கும் மேலே வேநாடு. ஒவ்வொரு இடத்திலும் நாலு நாள், ஐந்து நாள். நீளக் கயிற்றில் விலாங்கு மீன் துண்டு கட்டி அடியில் விடுவோம். நண்டு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மெல்லத் தூக்கிக் கூடையில் வாங்க வேண்டும். கொடுக்கு இரண்டையும் மடக்கிக் கயிறு கட்டுவது என் வேலை. ஈரச் சாக்கில் போட்டு வைப்போம். ஆரம்பாக்கத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி, நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம், அதை வாங்கிப் பட்டணத்துக்கு ரயிலில் அனுப்புவார். பழவேற்காட்டுக்காரர்தான், நாங்கள் பேசும் தமிழ்தான். முதல் தடவை சாக்கைக் கொண்டுபோனது நான். அவர் சீட்டு எழுதக் கையில் பேனாவோடு, "யார் பேருல போடட்டும்மா?" என்றார்.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம். மாமனார் பேரும் சொல்ல மாட்டோம். சொன்னால் அவர்களுக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். ரேஷன் கடையில் கார்டை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்பவர்களைச் சொல்லச் சொல்லுவேன். இங்கே என்னோடு யாரும் இல்லை. நான் திரும்பிக் கரையில் கட்டியிருந்த படகைக் காட்டினேன்.

"அது சரி, பேரு?"

நான் மறுபடியும் படகைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே "பச்சைப் படகு" என்று எழுதிக் கட்டினார். அந்தப் பனிக்காலம் முழுக்க எங்கள் சாக்குக்கு அதுதான் பேர்.

கல்யாணம் ஆகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பகலும் இரவும் ஒரே இடத்தில் இருந்ததே கிடையாது. வீட்டில் அவர் அதிகம் பேச மாட்டார். படகில் பேசினார். சின்ன வயதில் நீச்சல் தெரியாமல் இருந்தது, அவருடைய அம்மா செத்தபோது அழாமல் வலை பின்னிக்கொண்டிருந்தது, எல்லாம் சொன்னார். நான் அடுப்பை ஊதிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். வேநாட்டுப் பக்கம் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். அவற்றைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து கேமராவோடு ஆட்கள் வருவார்கள். ஒரு பெண் என்னைப் படம் எடுக்கப் பார்த்தாள். நான் நண்டுக் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். "பூநாரைகூட நின்னு குடுக்குது, நீ குடுக்க மாட்டேன்ற" என்று அவர் சிரித்தார்.

அப்படி ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் பாடு பற்றிச் சொன்னார். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது, சொல்கிறேன். முகத்துவாரத்துப் பக்கம் இறால் நிறைய வரும் இடங்கள் உண்டு. அங்கே நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. குப்பத்தில் பேர் பதிந்த குடும்பங்களுக்கு முறை உண்டு. யாருக்கு எந்த முறை என்று வருடத்துக்கு ஒரு தடவை கோயில் வாசலில் சீட்டு எடுப்பார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். மாசி அமாவாசைக்கு மறுநாள் அது. நிறைய பேர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு, பேரை மட்டும் வைத்துக்கொண்டு தங்கள் முறையை வேறு யாருக்காவது விட்டுவிடுவதால், முந்தின வருடம்தான் பஞ்சாயத்தில் புதுசாகக் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். பேரை மூன்று தடவை வாசிப்பார்கள். மூன்றாவது தடவையும் ஆள் வந்து நிற்கவில்லை என்றால் அந்தப் பேரை அடித்துவிட்டு, புதுசாகக் கல்யாணம் ஆகிக் காத்திருக்கும் ஒருவனைச் சேர்த்துவிடுவார்கள்.

"நமக்கு ஆம்பளப் புள்ள இல்ல. பேரு போச்சுன்னா திரும்ப எழுத யாரும் இல்ல" என்றார். "பாடு இல்லன்னா குப்பத்துல நான் யாரு? கரைல குந்திக்கினு அடுத்தவன் வலய எண்ணிக்கினு இருக்கறதா?"

அவருக்கு ஒன்றைப் பற்றிப் பயம் என்று நான் அதுவரை அறிந்ததில்லை.

அப்படிப் பயம் இருந்தவர் சீக்கிரமே கிளம்பியிருக்க வேண்டும். அங்கேதான் தப்புப் பண்ணினார். திரும்பும்போது வாடை முதுகுப்பக்கம் இருக்கும், பாயை ஏற்றினால் வேநாட்டிலிருந்து ஒரே நாளில் வீடு. வருஷா வருஷம் அப்படித்தான் வந்திருக்கிறார். அந்தக் கணக்கில், நண்டு நன்றாக விழுகிறதே என்று, "இன்னும் ஒரு நாளு, இன்னும் ஒரு நாளு" என்று நிறுத்திக்கொண்டார்.

"போவலாம்யா" என்றேன்.

"வாடை கீதே. அது எங்க பூடப் போவுது?"

கடைசியாகக் கயிறு தூக்கிய அன்று பெரிய நண்டு ஒன்று அவர் வலது கைக் கட்டைவிரலைக் கவ்விவிட்டது. கொடுக்கை உடைத்துத்தான் எடுத்தோம். மறுநாள் கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. அன்றுதான் வாடையும் நின்றது. பாய் ஈரத்துணி மாதிரி தொங்கியது. அவர் இடது கையால் சுக்கான் பிடிக்க, நான் கோல் ஊன்றித் தள்ளினேன். அன்று முழுக்கத் தள்ளி இரக்கம் தீவைத்தான் தாண்டினோம்.

அதற்கு மறுநாள் தெற்கிலிருந்து காற்று வந்தது. முகத்துக்கு நேரே. மாசி பாதியில் தென்காற்று வருவது உண்டு, ஆனால் அவ்வளவு சீக்கிரம் அவர் எதிர்பார்க்கவில்லை. பாயை ஏற்றிக் குறுக்கே ஓடி, கரைக்கு வந்து, திரும்பிக் குறுக்கே ஓடி, ஒரு முழம் ஏறி ஒரு சாண் இறங்குகிற மாதிரி வந்தோம். ஆரம்பாக்கம் பக்கம் வரும்போது பொழுது சாய்ந்தது. கரையிலிருந்து ஸ்பீக்கரில் சாமி பாட்டுக் கேட்டது. படகில் காலண்டர் கிடையாது. அவர் தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"இன்னிக்கி சிவராத்திரியா?"

இரண்டு பேரும் மனதுக்குள் எண்ணினோம். நாளைக்கு அமாவாசை. நாளை மறுநாள் சீட்டு.

கரைக்குப் போய், நண்டு வாங்கும் பாய் கடையிலிருந்து அவர் அண்ணன் மகனுக்குப் போன் போட்டார். அவன் செல்போன் வாங்கியிருந்தான்.

"சித்தப்பா, எனக்கு டூட்டி. நான் வந்து நின்னாலும் ஒத்துக்க மாட்டாங்க. அந்த ஊட்டு ஆளுதான் வரணும்னு கண்டிசனா சொல்லிட்டாங்க. நீ பஸ் புடிச்சி வந்துடேன்."

"படக உட்டுட்டா?"

அதோடு இவர் போனை வைத்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் புத்தி. ஆனால் கோல் தள்ளத் தெரிந்தாலும் சுக்கான் பிடிக்கத் தெரியாத என்னை அவர் தனியாக விட மாட்டார். படகையும் விட மாட்டார். அதை நான் அப்போது சொல்லாமலே புரிந்துகொண்டேன்.

அமாவாசையன்று சுண்ணாம்புக்குளம் வரை வந்தோம். அவருக்குக் காய்ச்சல் அடித்தது. நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். சீட்டு நாள் விடிந்தபோது எங்கள் குப்பத்துக் கோயில் கொடிமரம் தூரத்தில் தெரிந்தது. காற்றும் கொஞ்சம் கருணை காட்டியது. அவர் நேர்வழியில் விடச் சொன்னார். மார்கழியில் நாங்கள் போன வழி அது. அப்போது மழைத் தண்ணீர் நிறைந்து ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு மாதத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. அதை அவர் மறக்கிற ஆள் இல்லை, காய்ச்சல்தான் மறக்கச் செய்தது. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கோலை ஊன்றினால் கோல் உள்ளே போகிறது, படகு நகரவில்லை.

அவர் இறங்கினார். முட்டிக்கு மேல் புதைந்தார். நாலு அடி எடுத்து வைத்து, வீங்கிய கையை ஊன்ற முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தார். நான் இழுத்துப் படகில் போட்டேன். கோயில் பக்கம் ஸ்பீக்கரில் யாரோ பேர் வாசிப்பது காற்றில் விட்டு விட்டுக் கேட்டது.

"நான் போறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "போயி?"

"வந்துட்டோம்னு சொல்றேன்."

"அப்டி சொன்னா ஆவாதுமே. ஊட்டு ஆளு வந்தா, யாருக்காவ வந்துகீறம்னு பேர வாயால சொல்லணும். ஒருத்தனுக்கு ஒருத்தன் மாத்தி நிக்கக் கூடாதுன்னு அப்டி வெச்சிகீறாங்க." பிறகு, "எங்கப்பா பேரும் சேத்து சொல்லணும்" என்றார்.

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சேற்றில் போவது எனக்குத் தெரியும். எங்கள் குப்பத்துப் பெண்கள் சின்ன வயதிலிருந்தே ஏரியில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். நிமிர்ந்து நடந்தால்தான் சேறு இழுக்கும். அலுமினியக் குடத்தைக் கவிழ்த்து, அதன்மேல் நெஞ்சைச் சாய்த்து, காலால் உதைத்து உதைத்துப் போனேன். வழி நெடுக மனதுக்குள் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தேன். மனதுக்குள் சொன்னாலே நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. அவருக்குக் காய்ச்சல் வேறு. இப்போது போய் இந்தப் பேரைச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாவிட்டால் பாடு போய்விடும். பாடு போனால் அவர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். இதில் எது ஆயுசைக் குறைக்கும் என்று என் அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை.

கோயில் வாசலில் ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போவது வழக்கம் இல்லை. பஞ்சாயத்துப் பெரியவர் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஒருவர் நோட்டை வைத்து மூன்றாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் தலை முதல் கால் வரை சேற்றோடு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"இன்னா மருமவளே, தண்ணிக்கா வந்த?" என்றார் பெரியவர். சிரித்தார்கள்.

நான் ஏரிப் பக்கம் கையைக் காட்டினேன். நோட்டுக்காரர், "அவரு பேருதான் அடுத்தது. நிறுத்திக்கினு கீறேன்" என்றார்.

"உடுப்பா, யாரு சம்சாரம்னு நமக்குத் தெரியாதா? எழுதிக்க" என்றார் மணலில் இருந்த ஒரு கிழவர்.

முன்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். போன ஆவணியில் கல்யாணம் ஆனவன். முதலில் அடிபடும் பேருக்குப் பதில் அவன் பேர்தான். "எல்லாருக்கும் ஒரு சட்டம்னு நீங்கதான சொன்னீங்க? என் மாமன் போன வாட்டி வாயத் தொறக்கலன்னு தள்ளி உட்டீங்க. எக்கா சொல்லட்டும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் வீட்டிலும் ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள்.

"அது கருவாடு விக்கவே வாயத் தொறக்காது. இங்க வந்து தொறக்கப் போவுதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பெரியவர் என்னைப் பார்த்து, "சொல்லும்மா. மெதுவா சொன்னாப் போதும்" என்றார்.

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். முதலில் மாமனார் பேர், பிறகு அவர் பேர். அடக்கி வைத்து அடக்கி வைத்துக் கடைசியில் கத்திவிட்டேன் போலிருக்கிறது. கோயில் படியில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. நோட்டுக்காரர் எழுதினார். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். சீட்டு எடுக்கும்போதும் நான்தான் எடுத்தேன். நல்ல முறையும் இல்லை, மோசமும் இல்லை. நடுவில் வந்தது.

முடிந்ததும் அந்தப் பையன் என்னிடம் வந்தான். "எக்கா, மாமா எங்க நிக்கிறாரு? வா, இட்டாரலாம்." அவன் ஃபைபர் படகை எடுத்தான். ஆழம் இருக்கும் வரை இன்ஜினில் போனோம். பிறகு அவனே இறங்கி, சேற்றில் நடந்து, அவரைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்தான். அடுத்த வருடம் அவனுக்கும் பாடு கிடைத்தது. அது எனக்குப் பெரிய நிம்மதி.

படகில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டார். "சொன்னியா?"

"ம்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

கொஞ்ச தூரம் வந்த பிறகு, பையனுக்குக் கேட்காமல், "எப்டி சொன்ன? ஒரு தபா சொல்லேன், கேக்கறேன்" என்றார்.

"மாட்டேன்."

பச்சைப் படகை மறுநாள் ஆள் வைத்துத் தள்ளிக் கொண்டுவந்தோம். அவர் கை ஆறுவதற்கு ஒரு மாதம் ஆனது. காய்ச்சல் இரண்டு நாளில் போய்விட்டது. ஆனாலும் அந்தச் சித்திரை வரைக்கும் அவர் இருமினாலே நான் திரும்பிப் பார்ப்பேன். அதற்குப் பிறகு எட்டு ஒன்பது வருடம் இருந்தார். கடைசி வரைக்கும் பாடு நோட்டில் அவர் பேர் இருந்தது. நல்ல மனநிலையில் இருக்கும்போதெல்லாம் அந்தப் பேரைக் கேட்டு என்னை நச்சரிப்பார். குப்பமே கேட்டது, தான் மட்டும் கேட்கவில்லை என்பார். நான் ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது உட்கார்ந்து யோசித்தால், ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது பெரிய விஷயம் இல்லை.

இதை யாராவது எங்கள் பக்கத்து ஆட்களிடம் காட்டிச் சரிபார்த்தால் நல்லது. இரக்கம் முதலில் வருமா, வேநாடு முதலில் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம். சீட்டு எடுத்தது மாசி அமாவாசைக்கு மறுநாள்தானா, அதற்கும் அடுத்த நாளா என்று நோட்டு வைத்திருப்பவர்களைக் கேட்கலாம். அந்த நோட்டில் அவர் பேர் இருக்கும். அதை எடுத்து இதில் சேர்க்க வேண்டாம். மற்றதில் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.